ஏறி நிற்கிற ஆள்

நாலாவது மூங்கில் பாலமும் காலடியில் முறிந்தபோது கல்லூரி மண்டபமே எழுந்து நின்று சிரித்தது. செங்கோடனும் சிரித்தார். சிரிக்க வேண்டும், அதுதான் வழக்கம். முழங்கால் உயரம்தான், கீழே ஹாஸ்டல் மெத்தைகளைப் போட்டிருந்தார்கள், பெரிதாக அடி ஒன்றுமில்லை, இடது கணுக்கால் மட்டும் கொஞ்சம் மடங்கிக்கொண்டது. "டன் அண்ணா ஜெயிச்சுட்டாரு! பாலம் தோத்துருச்சு!" என்று மைக்கில் கத்தினான் ஜெரோம், ரெண்டாம் வருசத்துப் பையன், நிகழ்ச்சியை நடத்துகிறவன். பாலத்தைக் கட்டிய பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டு, அவர்களும் சிரித்துக்கொண்டே, அவரைத் தூக்கிவிட்டார்கள். சட்டையில் ஒட்டிய மூங்கில் சிம்பைத் தட்டியபடி அவர் மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நாற்காலி நாலு காலையும் பரப்பி முனகியது. இன்னும் ஒரே ஒரு பாலம் பாக்கி. அது முடிந்தால் இந்த வருசம் முடிந்தது, இந்த வருசம் முடிந்தால் எல்லாமே முடிந்தது, மே மாதம் அவருக்கு ஓய்வு, அதற்கப்புறம் இந்த மண்டபத்துக்குள் அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை. அடுத்த வருசம் எடை ஏற்றிப் பார்க்க மிஷினே வருகிறதாம். வரட்டும். மிஷின் கீழே விழுந்தால் இப்படிச் சிரிப்பார்களா? சிரிக்க மாட்டார்கள், மிஷினுக்கு விலை இருக்கிறது. விழுகிற சத்தத்தைக் கேட்டு இவர்களுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று அவர் வருசா வருசம் நினைப்பார், வருசா வருசம் தானும் சிரிப்பார், சிரித்த வாயை மூடிய பிறகு தாடை வலிக்கும். முதலில் ஒரு கிறீச்சென்ற சத்தம், அப்புறம் ஒரு சின்ன அமைதி, அப்புறம்தான் படார். அந்தச் சின்ன அமைதிதான். அதற்குள் ஒரு மனுசன் என்னவெல்லாம் நினைக்க முடியும். அங்கமுத்து என்ன நினைத்திருப்பான்.

அங்கமுத்துவை இப்போது நினைக்கக் கூடாது. நினைத்தால் சொல்ல வேண்டியது குழம்பிவிடும். சொல்ல வேண்டியது ரெண்டே வரி. மெஸ்ஸில் மாவாட்டுகிற கிரைண்டர் ஓடும்போது, அந்த இரைச்சலில் எவன் காதுக்கும் எட்டாது என்று, தை மாதத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கி வைத்திருக்கிற வரி. இந்த மண்டபத்துக் கூரை விழுந்துதான் எந்தம்பி அங்கமுத்து செத்தான். கட்டையை எடுக்கச் சொன்னது அதோ முன் வரிசையில் உக்காந்திருக்கிற தெய்வசிகாமணி. அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம், அழுகை வேண்டாம், சாபம் வேண்டாம். பாலம் தாங்கிவிட்டால் ஜெரோம் மைக்கை நீட்டுவான், 'எப்படிண்ணா இருக்கு பாலம்?' என்பான், போன வருசம் வரைக்கும் 'நல்லா இருக்குதுங்க' என்று சொல்லி இறங்கியாயிற்று, இந்த வருசம் வேறு சொல்ல வேண்டும். ஆனால் பாலம் தாங்க வேண்டுமே. தாங்கினால்தானே மைக். விடாத மழை, மண்டபம் முழுக்க ஈரக் காற்று, ஒட்டிய பசை ஒன்றும் காயவில்லை, ஒன்று மாற்றி ஒன்று நாலும் காலை விரித்துவிட்டது. இது என்ன தலையெழுத்து. இத்தனை வருசம் எத்தனை முறிந்தாலும் ரெண்டு மூணாவது நின்றது, அன்றைக்கெல்லாம் வாயில் ஈ போகிறாற்போல் நின்றுவிட்டு இறங்கினேன், இன்றைக்கு வாய் திறக்கலாம் என்று வந்தால் ஒன்று கூட நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் மனைவி ராசம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். அவளும் இங்கேதான், பெண்கள் ஹாஸ்டலில் கூட்டிப் பெருக்குகிற வேலை. "ஏனுங்க, காத்தாலயே வாய்க்குள்ள என்னத்த ஓட்டறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றார். "எனக்குத் தெரியும். நீங்க சொல்லிப் போட்டு வீட்டுல போய்க் கால நீட்டிக்குவீங்க. நா இன்னும் இங்கதான் வெளக்கமாறு புடிக்கோணும். அத நெனச்சுக்கிட்டுப் பேசுங்க." பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. அதுதான் ராசம்மாள். ஒரு கல்லைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு, வேண்டுமானால் எழுந்து நடங்கள் என்பாள். அங்கமுத்து செத்த அன்றைக்கும் அப்படித்தான் ஏதோ சொன்னாள், அதையும் அவர் மறக்கவில்லை, என்ன சொன்னாள் என்பதுதான் மறந்துவிட்டது, சொன்னாள் என்பது மறக்கவில்லை.

மேடையில் கடைசிக் குழு வேலையில் இருந்தது. ஒவ்வொரு வருசமும் இதே கூத்துதான். புதிதாகச் சேர்ந்த முதல் வருசத்துப் பிள்ளைகளை ஆறு ஆறாகப் பிரித்துவிடுவார்கள், ஒருத்தர் பெயர் ஒருத்தருக்குத் தெரியாது, ஒருத்தன் கம்ப்யூட்டர், ஒருத்தி சிவில், ஒருத்தன் எலக்ட்ரிகல், சேர்ந்து வேலை செய்யப் பழகட்டும் என்று மூங்கில் பத்தையும் தேங்காய்நார்க் கயிறும் மரப்பசையும் கொடுத்துப் பாலம் கட்டச் சொல்வார்கள். கட்டுகிற வரைக்கும் பாலத்துக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துக்கொள்ளலாம். விசில் ஊதியதும் முட்டுக் கட்டைகளை உருவிவிட வேண்டும். அப்புறம் ஆள் ஏறி நிற்க வேண்டும். முதல் வருசம் இரும்பு எடைக்கற்கள்தான் வைப்பதாக இருந்தது, அவை இருந்த அறையின் சாவி தொலைந்துபோனதால் யாரோ ஒரு வாத்தியார் 'மெஸ்ஸில் அண்டா தூக்குகிற ஆள் ஒருத்தர் இருக்கிறாரே' என்றார், அரிசி நிறுக்கிற தராசோடு அவரையும் தூக்கி வந்தார்கள். எடைக்கல்லைவிட மனுசன் ஏறினால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து எல்லோர் முன்னாலும் அரிசித் தராசில் நிறுத்து, முள் எங்கே நிற்கிறது என்று மைக்கில் கத்தி, பிள்ளைகள் விசிலடித்து. ஒரு டன் இருப்பார் என்று எவனோ சொன்னான், டன் அண்ணா ஆகிவிட்டார். செங்கோடன் என்கிற பெயர் மெஸ் மேனேஜருக்கும் ராசம்மாளுக்கும் பழைய ஆட்கள் ரெண்டொருத்தருக்கும் மட்டும் என்றாகிவிட்டது. டன் அண்ணா, இன்னொரு தோசை. டன் அண்ணா, சாம்பார்ல பல்லி. நல்ல பிள்ளைகள்தான். பிள்ளைகள் மேல் அவருக்குக் கோபமில்லை, இருக்கிறது, கொஞ்சம் இருக்கிறது, சிரிக்கிறார்களே என்று இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு என்ன தெரியும். இந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள். அவர் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்ததே இல்லை. மின்விசிறியின் றெக்கை வரைக்கும் கண் போகும், அதற்குமேல் கம்பி போகிற வழியில் போகாது, திரும்பிவிடும்.

தம்பி செத்த வருசம் இங்கே பாதிக் கட்டடம்கூட எழும்பவில்லை. மந்திரி வருகிறார், திறப்பு விழா, ஹாஸ்டல் மாடி முடிந்தாக வேண்டும், மாடிக்கு முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கட்டை போதவில்லை. மண்டபத்துக் கூரைக்குக் கீழே ஒரு காடு மாதிரி கட்டைகள் நின்றன. கூரையில் காங்கிரீட் போட்டிருந்தார்கள், அது இன்னும் இறுகாத பச்சை. மேலே தண்ணீர் கட்டியிருந்தது, சொட்டுச் சொட்டாகத் தகட்டிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. அங்கமுத்துவுக்கு சென்ட்ரிங் வேலை, கட்டை நிறுத்துவது, தகடு பரப்புவது, அப்புறம் பிரிப்பது. ஒல்லியான ஆள், கட்டைகளுக்கு நடுவில் பாம்பு மாதிரி நெளிந்து போவான், பல்லிடுக்கில் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வான், அந்தச் சீட்டிச் சத்தத்தை வைத்துத்தான் உள்ளே எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். செங்கோடன் அன்றைக்கு அங்கே இல்லை. மஞ்சள் மண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, எல்லாம் சித்தாள் பாவாயி சொல்லிக் கேட்டது, ஆனால் கேட்டுக் கேட்டு இப்போது பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. தெய்வசிகாமணி அப்போது சைட் சூப்பர்வைசர். வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறான். கையில் இளநீர். இளநீரா, குடையா? பாவாயி முதல் தடவை சொன்னபோது இளநீர் குடிச்சிக்கிட்டு நின்னாரு என்றாள். கருமாதிக்கு வந்தபோது குடையப் புடிச்சிக்கிட்டு என்றாள். வெயிலா மழையா அன்றைக்கு? மண்டியில் வெயில்தான் அடித்தது, ஆனால் மண்டி எங்கே, இது எங்கே. பாவாயியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், இனிக் கேட்க ஆளில்லை. ஒரு கையில் இளநீர், ஒரு கையில் குடை. ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "எடுங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றிருக்கிறான். மேஸ்திரி தயங்கியிருக்கிறார். மறுபடியும், ஒண்ணும் ஆகாது. ஒல்லியாக இருக்கிறவன் எவனோ அவன் போகட்டும். அங்கமுத்து உள்ளே போயிருக்கிறான். சீட்டி கேட்டிருக்கிறது. கட்டை ஒவ்வொன்றாக வெளியே உருண்டு வந்திருக்கிறது. அப்புறம் சீட்டி நின்றிருக்கிறது. பாவாயி சொன்னாள், முதலில் சீட்டி நின்றது, அதற்கப்புறம்தான் கூரை விழுந்தது. அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சின்ன அமைதி.

செங்கோடன் லாரி பிடித்து வந்து சேர்ந்தபோது தம்பியைத் தார்ப்பாயில் சுற்றி வராந்தாவில் போட்டிருந்தார்கள். தெய்வசிகாமணி தோளைத் தொட்டான். "அவனே அவசரப்பட்டு எடுத்துட்டான்பா. சொல்லச் சொல்லக் கேக்கல." அந்தக் கை இன்னும் தோளில் இருக்கிறது. பழியைச் செத்தவன் மேல் போட்டுவிட்டான். கூரை விழுந்ததைக்கூட ஒருவேளை மறந்திருக்கலாம், ஒருவேளை, மனுசன் எதையும் மறப்பான், ஆனால் அவனே எடுத்துட்டான் என்கிற அந்தச் சொல்லை எப்படி மறப்பது. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அங்கமுத்துவா, பாவம், அவசரக்காரப் பையன். எழவு வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்கள். யார் யார் சொன்னார்கள் என்று செங்கோடனுக்கு இன்றைக்கும் தெரியும், அவர்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் அவர் போனதில்லை. அப்புறம் ஆபீசில் கூப்பிட்டு, மெஸ்ஸில் உனக்கு நிரந்தர வேலை, மூன்று வேளைச் சாப்பாடு என்றார்கள். நிரந்தரம் என்றால் வாயை மூடு என்று பொருள், அது அவருக்கும் தெரியும், கொடுத்தவர்களுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா. அன்றைக்கு அவரும் தம்பி மாதிரி ஒல்லிதான். இந்த உடம்பெல்லாம் இங்கே வந்து வைத்தது. அண்டாவில் மிஞ்சியது, வடித்ததில் ஒட்டியது, வேண்டாம் வேண்டாம் என்று தின்றது. தின்னும்போதெல்லாம் இது தம்பி சோறு என்று ஒரு குரல் கேட்கும், கேட்டால் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொள்வார், குரலை அமுக்க. அமுங்கவில்லை, வயிறுதான் பெருத்தது. அதைத்தான் வருசா வருசம் தராசில் ஏற்றிக் கைதட்டுகிறார்கள். தெய்வசிகாமணி இங்கேயே தங்கி, படிப்படியாக ஏறி, இப்போது கல்லூரிக் கட்டடங்களுக்கெல்லாம் பொறுப்பு. தலை வெளுத்துவிட்டது. வாசலில் பார்த்தால், "என்ன செங்கோடா, சாம்பார்ல உப்புக் கம்மி" என்பான். அவ்வளவுதான் இத்தனை வருசத்துப் பேச்சு. உப்பு கம்மி. உப்பு ஜாஸ்தி.

விசில் ஊதியது. செங்கோடனின் முதுகு தானாக நிமிர்ந்தது. விசில் ஊதியவர் லோகநாயகி மேடம், போட்டியை நடத்துகிற புரொபசர். "கடைசி டீம், முட்டெல்லாம் எடுங்க! அண்ணா, ரெடியா?" மேடையில் ஆறு பிள்ளைகளும் பாலத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தது கனிஷ்கா என்கிற பெண், சுருட்டை முடியை ஒரு பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள். அவள் குனிந்து பாலத்தின் நடு இணைப்பில் விரலை வைத்து அழுத்தினாள், எடுத்தாள், விரலோடு பசை நூலாக நீண்டு வந்தது.

"மேடம், பசை இன்னும் இழுக்குது. எடுக்க முடியாது."

"நேரம் முடிஞ்சுதும்மா. எடுக்கலைன்னா மார்க் கொறையும்."

"கொறச்சுக்குங்க மேடம்."

"ஏய் கனி!" அவள் குழுவில் இருந்த அஃப்ரித் என்கிற பையன் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "மத்த நாலும் புட்டுக்கிச்சுடி. நம்மளது ஒரு செகண்ட் நின்னாலே ஃபர்ஸ்ட்டு. எடுத்துடலாம், கடவுள் இருக்காரு."

"அப்ப நீ ஏறுடா மொதல்ல."

"நா ஏறுனா ஒண்ணும் ஆகாது. நா அம்பது கிலோ."

"அதான் சொல்றேன். ஏறப் போறது நீ இல்ல, அவரு."

மண்டபம் ஊளையிட்டது. பின் வரிசையில் எவனோ, "எடு! எடு! எடு!" என்று ஆரம்பித்தான், மற்றவர்களும் கைதட்டித் தாளம் போட்டுச் சேர்ந்துகொண்டார்கள். எடு எடு எடு. செங்கோடனுக்குக் காது அடைத்தது. ஈர சிமெண்ட் வாசனை வந்தது, இல்லை, அது பசை வாசனை, இல்லை, சிமெண்ட்தான், இத்தனை வருசத்துக்கு அப்புறமும் மழை பெய்தால் இந்தச் சுவர் அந்த வாசனையைத்தான் விடுகிறது. பாலத்துக்கு அடியில், மரக்கட்டைகளுக்கு நடுவில், இருட்டாக இருந்தது. முழங்கால் உயரத்து இருட்டு. அதற்குள்ளிருந்து பல்லிடுக்கில் யாரோ சீட்டியடிக்கிற மாதிரி இருந்தது. காற்றுதான். காற்றாகத்தான் இருக்க வேண்டும். முன் வரிசையில் தெய்வசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அசைந்து உட்கார்ந்தார், மேடையைப் பார்த்து ஒரு கையை வீசினார்.

"எடுங்கப்பா, ஒண்ணும் ஆகாது."

சொல்லிவிட்டார். அதே சொல். சாதாரணமாக, ஈ ஓட்டுகிற மாதிரி. செங்கோடன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாவாயி பொய் சொல்லவில்லை. இளநீரோ குடையோ எதுவாக இருந்தால் என்ன, இந்தச் சொல் உண்மை, இதே குரல், இதே கை வீச்சு. இப்போதே எழுந்து கத்தலாமா? மைக் இல்லாமல் கத்தினால் இந்த ஊளையில் யாருக்குக் கேட்கும், கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொடுத்து வெளியே கூட்டிப் போய்விடுவார்கள். அந்தப் பெண் இப்போது என்ன செய்வாள்? எடுத்துவிடுவாள். எல்லோரும் எடுத்துவிடுவார்கள். பெரியவர் சொல்லிவிட்டார், புரொபசர் சொல்லிவிட்டார், மண்டபமே சொல்கிறது, எடுக்காமல் என்ன செய்வாள், மேஸ்திரி என்ன செய்தார். பாலம் விழும், சிரிப்பார்கள், மைக் வராது, அத்தோடு சரி.

கனிஷ்கா முன் வரிசையைப் பார்த்து நேராக நின்றாள். "ஆகும் சார்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "காயற வரைக்கும் எடுக்க மாட்டோம் சார். ஸாரி."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. லோகநாயகி மேடம் உதட்டைப் பிதுக்கி அட்டையில் எதையோ எழுதிக்கொண்டார். தெய்வசிகாமணி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார், காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். மண்டபம் கொஞ்ச நேரம் ஊளையிட்டது, அப்புறம் அலுத்துப்போய் செல்போனை எடுத்துக்கொண்டது. இவ்வளவுதானா? செங்கோடனால் நம்ப முடியவில்லை. எடுக்க மாட்டோம் என்று சொன்னால் இவ்வளவுதான் நடக்குமா? கொஞ்சம் மார்க் போகும், கொஞ்சம் நேரம் போகும், பெரிய மனுசன் ஒருத்தன் காலை மாற்றிப் போட்டுக்கொள்வான், அவ்வளவுதானா? அன்றைக்கு ஒருத்தன் சொல்லியிருந்தால்? மேஸ்திரி, கம்பி கட்டுகிறவன், கலவை போடுகிறவன், தண்ணீர் ஊற்றுகிறவன், அத்தனை பேரில் ஒருத்தன், ஆகும் சார் என்று. அவருக்கு நெஞ்சில் ஏதோ ஏறியது. சந்தோசம் என்று முதலில் நினைத்தார், இல்லை, அது ஆத்திரம்தான், இதுவரைக்கும் இல்லாத ஒரு புது ஆத்திரம். இத்தனை வருசம் அதை ஒரு மலை மாதிரி நினைத்து வைத்திருந்தார், நடந்தது நடந்தாக வேண்டியது, யாராலும் தடுக்க முடியாதது, தெய்வசிகாமணி ஒரு ராட்சசன், அவன் வாயிலிருந்து வந்தால் வந்ததுதான். இப்போது பார்த்தால் அது ஒரு சுண்டைக்காய். பென்சில் செருகிய ஒரு பெண்பிள்ளை தட்டிவிட்டுப் போகிற சுண்டைக்காய். அதற்காகவா செத்தான்? அந்தப் பெண்ணின் மேல்கூடக் கோபம் வந்தது. எங்கே போயிருந்தாய் அன்றைக்கு என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. பிறந்தே இருக்க மாட்டாள்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். காத்திருப்பது எப்படி என்று அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். ஒருத்தி பெண்கள் ஹாஸ்டலுக்கு ஓடி முடி காயவைக்கிற மிஷினை எடுத்து வந்தாள், கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது, அவள் ஒவ்வொரு முடிச்சாக அதைக் காட்டிக்கொண்டு நகர்ந்தாள். ரெண்டு பேர் பரீட்சை அட்டையால் விசிறினார்கள். அஃப்ரித் பாலத்தின் முன்னால் மண்டி போட்டு வாயால் ஊதிக்கொண்டே, "நம்ம டீமுக்குக் காத்திருப்போர் சங்கம்னு பேர் வச்சிருக்கலாம்," என்றான். "ஊதுடா, பேசாத," என்றாள் கனிஷ்கா. மழை தகரக் கொட்டகை மேல் விழுவது போல் வெளியே எங்கோ சத்தம் போட்டது. முன் வரிசையில் யாரும் எழுந்து போகவில்லை. செங்கோடன் அந்தப் பெண்ணின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். போவாள், வைப்பாள், எடுப்பாள், விரலைக் கட்டைவிரலோடு உரசிப் பார்ப்பாள், இல்லை என்று தலையாட்டுவாள். மறுபடி போவாள். ஒரு தடவை தலையாட்டவில்லை. நகத்தால் தட்டினாள், டக்கென்று கேட்டது. அப்புறம் ஆறு பேருமாக மெதுவாக, ஒரு கட்டையை உருவி, நின்று, பாலத்தின் முதுகில் கை வைத்துப் பார்த்து, அடுத்ததை உருவி.

"டன் அண்ணா, வாங்க," என்றாள்.

மண்டபம் செல்போனை உள்ளே வைத்தது. செங்கோடன் எழுந்தார். கணுக்கால் சுருக்கென்றது. வாய்க்குள் ரெண்டு வரியும் தயாராக இருந்தன, நாக்கில் கற்கண்டு மாதிரி, ஒதுக்கி வைத்திருந்தார். இந்த மண்டபத்துக் கூரை விழுந்துதான். பின்கதவில் ராசம்மாளும் இன்னும் ரெண்டு பெண்களும் விளக்குமாற்றோடு நின்றிருந்தார்கள், நிகழ்ச்சி முடிந்ததும் பெருக்குவதற்காக. அவள் அவரைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெரோம் கை கொடுத்து ஏற்றிவிட்டான். முதல் அடி. மூங்கில் கொஞ்சம் முனகியது. ரெண்டாவது அடி. கயிறு முறுகியது, தாங்கியது. நடுவில் வந்து நின்றார். பாலம் லேசாக வளைந்து, அவரைத் தாங்கிக்கொண்டு, அப்படியே நின்றது. நின்றது! கூட்டம் மூச்சுப் பிடித்திருந்தது. தெய்வசிகாமணி நேர் எதிரே, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெரோம் மைக்கைத் தூக்கினான். இப்போது. இப்போதுதான். எந்தம்பி அங்கமுத்து.

கீழே எங்கோ கிறீச்சென்றது. ரொம்பச் சின்னதாக. கனிஷ்காவின் முகம் மாறியது, என்ன சத்தம் என்று பார்க்க அவள் சட்டென்று தரையில் கவிழ்ந்து, மெத்தையை ஒதுக்கிவிட்டு, தலையையும் ஒரு தோளையும் பாலத்துக்கு அடியில் நுழைத்தாள். ஒல்லியான பெண். நெளிந்து உள்ளே போனாள். அவள் முடி உள்ளே போயிற்று. மேலே அவர் நின்றார், அவருடைய அத்தனை எடையும், அத்தனை வருசத்துச் சோறும்.

"வெளிய வா!"

அவர்தான் கத்தினார். மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. நாலு மூலை ஸ்பீக்கரும் சேர்ந்து அலறின. "அடீல போகாத சாமி! வெளிய வந்திரு! வெளிய வா, வெளிய வா!"

அசையவும் முடியவில்லை, அசைந்தால் அவள் மேல் விழுந்துவிடும். கனிஷ்கா திடுக்கிட்டுத் தலையை வெளியே இழுத்தாள், பின்னால் நகர்ந்தாள், தரையில் உட்கார்ந்தபடி அவரை அண்ணாந்து பார்த்தாள். மண்டபம் காதைப் பொத்திக்கொண்டது. அப்புறம் சிரித்தது.

"ஒண்ணும் இல்லண்ணா, கயிறுதான் இறுகுச்சு," என்றாள். "நல்லாத்தான் இருக்கு. நிக்குது பாருங்க." முழுசாக இருந்தாள். முகத்தில் பசை ஒட்டியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. வெளியே வந்துவிட்டாள். கூப்பிட்டதும் வந்துவிட்டாள்.

"டன் அண்ணாவுக்குப் பயம் வந்துருச்சு!" என்றான் ஜெரோம். "இந்த வருசம் நின்ன ஒரே பாலம் இதான்! ஃப்ரெண்ட்ஸ், ஒரு விசயம். அண்ணா மே மாசம் ரிட்டையர் ஆகுறாரு. இத்தன வருசம் இவருக்கு வச்ச பட்டப்பேரச் சொல்லியே கூப்பிட்டுட்டோம், நெஜப் பேரு யாருக்கும் தெரியாது. அண்ணா, உங்க பேரு என்னண்ணா?"

மைக் மூக்குக்கு முன்னால் நின்றது. செங்கோடன் வாயைத் திறந்தார். ரெண்டு வரியும் இல்லை. நாக்கில் வைத்திருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, அந்தக் கத்தலோடு கரைந்து போய்விட்டது. முதல் சொல் என்ன? இந்த. இந்த என்ன? இந்த மண்டபத்து. அதற்கப்புறம்? தேடினார். கீழே அந்தப் பெண் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். ராசம்மாள் பார்த்தாள். எல்லோரும் ஒரு பெயருக்காகக் காத்திருந்தார்கள். தேடத் தேட அத்தனை சொல்லும் போய், ஒரே ஒரு சொல்தான் கையில் சிக்கியது.

"அங்கமுத்து," என்றார்.

"அங்கமுத்து அண்ணா!" என்று ஜெரோம் கையை உயர்த்தினான். "சத்தமாச் சொல்லுங்க பார்ப்போம், அங்கமுத்து..."

"அண்ணா!" என்றது மண்டபம்.

"அங்கமுத்து!"

"அண்ணா!"

நூற்றுக்கணக்கான தொண்டைகள். பெஞ்சைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். அங்கமுத்து, அங்கமுத்து. செங்கோடன் முன் வரிசையில் ஒருத்தரை மட்டும் பார்த்தார். கை நிற்குமா, கண் சுருங்குமா, ஏதாவது. தெய்வசிகாமணி முகம் மலர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களைப் போலவே, தாளம் தவறாமல். அந்தப் பெயர் அவரிடம் இல்லை. மறந்தால்கூட முகத்தில் ஒரு தடயம் இருக்கும். ஒருபோதும் அவரிடம் இருந்ததே இல்லை. செங்கோடா, உப்புக் கம்மி என்று தினமும் கூப்பிட்டவர், ஆளின் பெயர் மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்கப் பார்த்தால் கைதட்டாமல் இருந்தது ஒரே ஆள்தான். ராசம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையும் தொங்க, சும்மா நின்றிருந்தாள்.

கனிஷ்கா எழுந்து வந்து கையை நீட்டினாள். "அங்கமுத்து அண்ணா, போதும், எறங்குங்க. கால் வலிக்குதுல்ல?"

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பாலம் அவருக்குக் கீழே அசையாமல் நின்றது. மேலே பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ஆனாலும் கண் மேலே போயிற்று, விசிறியின் றெக்கையைத் தாண்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு போயிற்று. வெள்ளையடித்த வெறும் கூரை. அவ்வளவுதான். பிள்ளைகள் இன்னும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா? அங்கமுத்து அண்ணா?"

"வாரேன்," என்றார். "இதா வாரேன் சாமி."